தொடக்க வரைபடம் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை: சிட்னி ஓபரா ஹவுஸை முன்வைத்து ஒரு ஒப்பந்த ஆய்வு

1957 ஜனவரி 29 அன்று சிட்னியில் ஓபரா ஹவுஸ் கட்டட வடிவமைப்புப் போட்டியின் முடிவு வெளியானது. வந்து சேர்ந்த 233 வடிவமைப்புகளில் டென்மார்க்கைச் சேர்ந்த யோர்ன் உட்சனின் வடிவமைப்பு முதலிடம் பெற்றது. இந்த வரைபடங்கள் வெறும் கோட்டுப்படம் என்று சொல்லும் அளவுக்கு எளிமையானவை என்று நடுவர் குழுவே தன் அறிக்கையில் ஒப்புக்கொண்டது. அதே அறிக்கையில், தோராய மதிப்பீட்டின்படி இதுவே மிகச் சிக்கனமான வடிவமைப்பு என்றும் எழுதியது.

ஒப்பந்தம் எழுதுகிறவர்கள் இந்த இரண்டு வாக்கியங்களையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்க வேண்டும். கோட்டுப்படத்துக்கும் தோராய மதிப்பீடு போடலாம், தவறில்லை. ஆனால் அந்தத் தொகையை மற்றவற்றோடு ஒப்பிட்டு ‘இதுதான் மலிவு’ என்று தீர்ப்பெழுத அந்தப் படம் இடம் தராது. அன்று சொன்ன தொகை 35 லட்சம் ஆஸ்திரேலிய பவுண்டு, அதாவது 1966-ல் நாணயம் மாறிய பிறகான கணக்கில் 70 லட்சம் டாலர். கடைசியில் ஆன செலவு 10.2 கோடி டாலர். 1963 ஜனவரி 26-ல் முடிய வேண்டிய கட்டடம் 1973 அக்டோபர் 20-ல் திறக்கப்பட்டது.

இதை மேதை உட்சனுக்கும் அரசியல்வாதிக்கும் நடந்த சண்டையாகச் சொல்வதுதான் வழக்கம். சண்டை நடந்தது உண்மை. ஆனால் அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, எது முடிவான விஷயம், எது உத்தேசம், எதை இன்னும் யோசிக்கவே இல்லை என்று பிரித்துச் சொல்லாத வரைபடங்களை நம்பிப் பணமும் கான்கிரீட்டும் இறங்கிவிட்டன. தொடக்க வரைபடம் அரைகுறையாகத்தான் இருக்கும். அதன் இயல்பே அது. எந்த இடத்தில் அரைகுறை என்பதை எழுதி வாங்காததுதான் பிழை.

அஸ்திவாரம் முந்திக்கொண்டது

வேலை தொடங்கியது 1959 மார்ச் 2. அதே மாதம் மாநிலத் தேர்தல். தாமதித்தால் நிதியும் பொதுமக்கள் ஆதரவும் நழுவிவிடும் என்று அரசு அவசரப்பட்டது. அடித்தளமான போடியத்துக்கு முதல் கட்ட ஒப்பந்தம், கூரைக்கு இரண்டாவது, உள் அலங்காரத்துக்கு மூன்றாவது என்று வேலையை மூன்றாகப் பிரித்தார்கள். காகிதத்தில் இது புத்திசாலித்தனமான ஏற்பாடு. நடைமுறையில், மேலே வரப்போகும் கூரையின் எடை எவ்வளவு என்று தெரியாமலேயே கீழே தூண் எழும்பியது.

1961 ஜனவரிக்குள் வேலை 47 வாரம் பின்தங்கியது. மழை ஒரு காரணம், மழைநீர் வடிகாலைத் திருப்பிவிடுவதில் வந்த சிக்கல் இன்னொன்று. மற்ற இரண்டும் காகிதத்தில் பிறந்தவை: கட்டுமான வரைபடம் தயாராகும் முன்பே வேலை தொடங்கிவிட்டது, ஒப்பந்த ஆவணங்களும் நடுவில் மாறின. போடியம் 1963 பிப்ரவரியில் முடிந்தது. ஆனால் அதன் தூண்களுக்குக் கூரையைத் தாங்கும் வலு இல்லை என்று தெரியவந்து, அவற்றைத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று.

அஸ்திவாரத்தை முந்தித் தொடங்குவதே தவறு என்று சொல்ல வரவில்லை. பெரிய திட்டங்களில் இன்றும் அப்படித்தான் நடக்கிறது, நேரம் மிச்சமாகிறது. அப்படிச் செய்வதானால் தொடக்க வரைபடத் தொகுப்போடு சுமைப் பட்டியல் என்று தனித்தாள் ஒன்றை ஒப்பந்தம் கேட்க வேண்டும். ஒவ்வொரு தூணின் அடியிலும் இறங்கக்கூடிய அதிகபட்ச நேர்ச்சுமை, மேலிழுப்பு, பக்கவாட்டு விசை, மொமென்ட் (தூணை வளைக்க முயலும் திருப்புவிசை) ஆகியவற்றை ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் எண்களாக எழுதிக் கையெழுத்திடுவார். இவை கணக்குப் போட்டு வந்த எண்களாக இருக்க வேண்டும் என்பதில்லை; மேலே என்ன வந்தாலும் இதைத் தாண்டக்கூடாது என்று விதிக்கும் உச்சவரம்பாக இருந்தால் போதும். ஷரத்தை இப்படி எழுதலாம்:

“இணைப்பில் உள்ள சுமைப் பட்டியலின் எந்த எண்ணையாவது மீறும் வடிவமைப்பு மாற்றம் எதுவும், அதனால் அஸ்திவாரத்துக்கு ஆகும் கூடுதல் செலவும் காலமும் எழுத்தில் தெரிவிக்கப்பட்டு, உரிமையாளரின் கையெழுத்துடன் கூடிய ஒப்புதல் கிடைக்கும்வரை, எந்த வரைபடத்திலும் சேர்க்கப்படாது.”

இந்த ஒரு ஷரத்து இருந்தால், கூரை கனக்கும்போது மணி அடிக்கும். இல்லையென்றால், தூண் எழும்பிய பிறகுதான் தெரியும்.

கையால் இழுத்த வளைவு

போட்டி வரைபடத்தில் கூரைச் சிப்பிகளின், அதாவது சிப்பி ஓடு போல வளைந்த கூரைப் பகுதிகளின், வளைவு கையால் இழுத்தது. அதற்கு மையமும் இல்லை, ஆரமும் இல்லை. 1957 முதல் 1963 வரை குறைந்தது 12 முறை வடிவம் மாறியது: பரவளையம், நீள்வட்ட மேற்பரப்பு என்று ஒவ்வொன்றாக முயன்று பார்த்தார்கள். 1961-ல் வந்த தீர்வு எளிமையானது. எல்லாச் சிப்பிகளையும் ஏறக்குறைய 75 மீட்டர் ஆரமுள்ள ஒரே கோளத்தின் பரப்பிலிருந்து வெட்டி எடுத்தது போல அமைத்தார்கள். வளைவு எங்கும் ஒன்றே என்பதால் வார்ப்பு அச்சுகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வழி பிறந்தது. 2,194 முன்வார்ப்புக் கான்கிரீட் துண்டுகளும் அவற்றின் மேல் 1,056,006 பீங்கான் ஓடுகளும் அப்படித்தான் ஏறின.

நேர்கோட்டுக் கட்டடத்தில் இந்தப் பிரச்சினை கண்ணில் படாது. தூண்களின் இடத்தைக் குறிக்கும் கிரிட் கோடு போட்டாலே வடிவியல் முடிந்துவிடுகிறது. வளைந்த சுவர், சாய்ந்த கண்ணாடி முகப்பு, முறுக்கிய கூரை வரும்போதுதான் ஒப்பந்தம் விழித்துக்கொள்ள வேண்டும். தொடக்கக் கட்டத்தின் முடிவில், செங்குத்தாகவோ கிடையாகவோ இல்லாத ஒவ்வொரு பரப்புக்கும் மூன்று விஷயம் எழுத்தில் வர வேண்டும். அதன் வடிவ விதி: மையம், ஆரம், அச்சு அல்லது ஆயத்தொலைவுப் பட்டியல். அதைக் கட்ட ஏதாவது ஒரு வழி: அச்சு வார்ப்பா, எஃகுச் சட்டமா, முன்வார்ப்பா. மூன்றாவது, அந்த வழியில் ஒத்த துண்டுகள் எத்தனை, ஒவ்வாதவை எத்தனை. இந்த மூன்றாவது எண் இல்லாமல், பொருளின் அளவையும் செலவையும் கணக்கிடும் குவான்டிட்டி சர்வேயர் போடும் விலை ஜோசியம்தான். முப்பரிமாண மாடலைச் சுழற்றிக் காட்டினால் மட்டும் வடிவ விதி வந்துவிடாது. மென்பொருள் எந்த வளைவையும் வரைந்து தரும்; வார்ப்புப் பலகை அடிப்பவருக்கு ஆரம் தெரிய வேண்டும்.

குறுக்குவெட்டில் ஒளிந்திருக்கும் 350 மில்லிமீட்டர்

ஓபரா ஹவுஸை விட்டுச் சாதாரண அலுவலகக் கட்டடத்துக்கு வருவோம். தொடக்க வரைபடத்தில் அதிகம் ஏமாற்றுவது குறுக்குவெட்டுப் படம். 10 மாடி, மாடிக்கு மாடி 3.6 மீட்டர் என்று ஆர்க்கிடெக்ட் கோடு போட்டிருக்கிறார். உரிமையாளரின் தேவைப்பட்டியலில் தரையிலிருந்து சீலிங்வரை 2.7 மீட்டர் என்று இருக்கிறது. படத்தில் 2.7 என்று எழுதியும் இருக்கிறது. கூட்டிப் பாருங்கள்: தரைப்பூச்சு 50 மி.மீ., தளத்தோடு சேர்த்து உத்தரத்தின் ஆழம் 600, காப்புறையோடு ஏ.சி. டக்ட் (காற்றுக் குழாய்) 400, நடுவே இடைவெளி 50, சீலிங் சட்டமும் விளக்கும் 150. மொத்தம் 1,250. 3,600-லிருந்து கழித்தால் மிஞ்சுவது 2,350. வாக்குறுதிக்கு 350 மி.மீ. குறைவு.

ஒரு மாடிக்கு 350 என்றால் பத்து மாடிக்கு 3.5 மீட்டர் கூடுதல் முகப்பு, கூடுதல் படிகள், கூடுதல் குழாய். உயரக் கட்டுப்பாடு உள்ள மனையில் ஒரு மாடியே பறிபோகலாம். ஆர்க்கிடெக்ட் வரைந்த படத்தை ஏ.சி. ஆலோசகர் பார்க்கும் முன்பே உரிமையாளர் கையெழுத்திட்டால் நடப்பது இதுதான். எனவே ‘குறுக்குவெட்டு: 2’ என்று எண்ணிக்கை மட்டும் எழுதிய ஒப்பந்தத்தால் பயனில்லை. “ஒவ்வொரு வகை மாடிக்கும் தரைப்பூச்சு, தளம், உத்தரம், டக்ட், குழாய், சீலிங் ஆகியவற்றின் அளவைத் தனித்தனியே எழுதி, மீதி உயரத்தைக் காட்டும் குறுக்குவெட்டு, 1:50 அளவில் ஒன்று, ஸ்ட்ரக்சர், மின்சார, ஏ.சி. ஆலோசகர்களின் ஒப்பத்துடன்” என்று கேட்க வேண்டும். தொடக்கக் கட்டத்துக்கு 1:50 அதிகம் என்று ஆர்க்கிடெக்ட் முணுமுணுப்பார். ஒரே ஒரு தாள்தான், விட்டுக்கொடுக்காதீர்கள்.

மற்ற படங்களுக்கு 1:200 போதும். மனைப்படத்துக்கு 1:500. ஆனால் அந்த அளவு எதற்குப் போதாது என்பதையும் எழுதிவிட வேண்டும். 1:200-ல் அரை மில்லிமீட்டர் பேனாக் கோடு 100 மி.மீ. தடிமனுக்குச் சமம். அதன் மேல் ஸ்கேல் வைத்துச் சுவரின் கனத்தை அளப்பவர், கோட்டின் மையைத்தான் அளக்கிறார். ‘படத்தில் அளந்து எடுக்கக்கூடாது, எழுதிய அளவே செல்லும்’ என்ற வரி எல்லா டைட்டில் பிளாக்கிலும் (தாளின் ஓரத்தில் படத்தின் விவரம் எழுதும் கட்டம்) இருக்கிறது. அதே வரி ஒப்பந்தத்தின் உடலிலும் இருந்தால்தான் தகராறு வரும்போது கைகொடுக்கும்.

நிலையான படிவங்கள் எவ்வளவு தூரம் வரும்

அமெரிக்க ஆர்க்கிடெக்ட் கழகத்தின் பி101 ஒப்பந்தப் படிவம் (2017) தொடக்க வடிவமைப்புக் கட்டத்தில் மனைப்படம், முதல்நிலைத் தளப்படங்கள், குறுக்குவெட்டுகள், முகப்புப் படங்கள் ஆகியவற்றைக் கேட்கிறது. ஆய்வு மாடல், காட்சிப்படம், டிஜிட்டல் காட்சி ஆகியவை இருக்கலாம் என்ற அளவில் விட்டுவிடுகிறது. முக்கியக் கட்டட அமைப்புகள், பொருள்கள் பற்றிய முதல்நிலைத் தெரிவு வரைபடத்திலோ எழுத்திலோ வர வேண்டும்; செலவு மதிப்பீடும் வர வேண்டும்; உரிமையாளரின் ஒப்புதல் வாங்க வேண்டும். அடுத்த கட்டம் அந்த ஒப்புதலின் மேல்தான் நிற்கிறது. பிரிட்டனின் ஆர்க்கிடெக்ட் கழகமான ரீபாவின் பணித்திட்டம் (2020) இதே வேலையை இரண்டாம் கட்டமாக வைத்து, வடிவமைப்பு யோசனை, செலவுத் திட்டம், சுருக்க விவரக்குறிப்பு மூன்றும் ஒன்றோடொன்று பொருந்தி வர வேண்டும் என்கிறது. எல்லாத் துறைகளின் இட ஒருங்கிணைப்பு மூன்றாம் கட்டத்துக்குப் போகிறது.

ஆர்க்கிடெக்ட், இன்ஜினியர்களுக்கான ஜெர்மனியின் ஹோஆய் கட்டண ஒழுங்குமுறை இன்னும் வெளிப்படையானது. மொத்தக் கட்டணத்தை ஒன்பது கட்டங்களாகப் பிரித்து, கட்டடங்களுக்கு முதல் கட்டத்துக்கு 2 சதவீதம், தொடக்க வடிவமைப்புக்கு 7, அடுத்ததற்கு 15, செயல்வரைபடத்துக்கு 25 என்று வைத்திருக்கிறது. முதல் இரண்டு கட்டமும் சேர்ந்து 9 சதவீதம். அந்த 9 சதவீத உழைப்பில் வந்த தாளிடம் 100 சதவீத உறுதியைக் கேட்கும் உரிமையாளர்கள் நிறைய.

இந்தப் படிவங்கள் என்னென்ன தாள் வேண்டும் என்பதைச் சொல்கின்றன. ஒவ்வொரு தாளிலும் எது எவ்வளவு உறுதி என்பதைத் திட்டத்துக்கேற்ப நாம்தான் எழுதிச் சேர்க்க வேண்டும். அதற்கு முடிவுப் பதிவேடு என்று ஓர் இணைப்பு போதும். கட்டடத்தின் ஒவ்வொரு முக்கியக் கூறுக்கும் ஒரு வரி: கிரிட், மாடி உயரம், லிஃப்ட்-படிக்கட்டு மையம், குழாய்த் தண்டு, முகப்பு வகை, கூரை, அஸ்திவார வகை, கார் நிறுத்தம். ஒவ்வொரு வரியிலும் ‘உறுதி’, ‘அனுமானம்’, ‘முடிவாகவில்லை’ என்ற மூன்றில் ஒன்று. அனுமானம் என்றால், அது எதை நம்பி நிற்கிறது, யார் எந்தத் தேதிக்குள் சரிபார்ப்பார்கள் என்பதும் சேர வேண்டும். மண் ஆய்வு அறிக்கை வராமல் அஸ்திவார வரியில் ‘உறுதி’ என்று எழுத யாரையும் விடக்கூடாது. நடுத்தரக் கட்டடத்துக்கு 30, 40 வரி வரும், இரண்டு பக்கம்.

மதிப்பீடும் இந்தப் பதிவேட்டின் மேல்தான் உட்கார வேண்டும். ஒற்றைத் தொகை வேண்டாம். கீழ்வரம்பு, மேல்வரம்பு என்று இரண்டு எண். ‘முடிவாகவில்லை’ என்று குறித்த ஒவ்வொரு வரிக்கும் எவ்வளவு ஒதுக்கியிருக்கிறது என்பதைப் பிரித்துக் காட்ட வேண்டும். ஓபரா ஹவுஸ் கணக்கு இதை நன்றாகவே விளக்கும். எல்லோரும் கூரையைத்தான் குற்றம் சொல்வார்கள். கட்டவாரியாகப் பார்த்தால் போடியத்துக்கு ஏறக்குறைய 55 லட்சம் டாலர், கூரைக்கு 1.25 கோடி. கூரைக்குப் பிறகான மூன்றாம் கட்டத்துக்கு 5.65 கோடி. விலைவாசி ஏற்றத்துக்கும் இதில் பங்குண்டு. ஆனாலும், அதிகம் விழுங்கியது போட்டி வரைபடத்தில் பார்வைக்கே வராத உட்பகுதிதான்.

தேவைப்பட்டியல் நகர்ந்தால்

போட்டி அறிவிப்பு இரண்டு அரங்கம் கேட்டது: 3,000 முதல் 3,500 பேருக்குப் பெரியது, ஏறக்குறைய 1,200 பேருக்குச் சிறியது. பெரிய அரங்கில் சிம்ஃபனியும் (பெரிய வாத்தியக் குழுவின் கச்சேரி) நடக்க வேண்டும், ஓபராவும் (பாடி நடிக்கும் இசை நாடகம்) நடக்க வேண்டும். இரண்டும் ஒரே அறையில் ஒத்துப்போகாது. சிம்ஃபனிக்கு எதிர்முழக்கம், அதாவது வாசிப்பு நின்ற பிறகும் அறையில் தங்கும் ஒலி, 2 நொடியை ஒட்டி நீடித்தால் இனிக்கும். ஓபராவில் அவ்வளவு நீண்டால் பாடலின் சொல் குழம்பும். ஓபராவுக்கு மேடை இயந்திரமும் மேலே கோபுரமும் வேண்டும். சிம்ஃபனிக்கு அந்த இடத்தில் இருக்கை வேண்டும். உட்சன் விலகிய பிறகு பெரிய அரங்கம் கச்சேரிக்கு மட்டும் என்று முடிவாயிற்று. ஏற்கெனவே பொருத்தியிருந்த மேடை இயந்திரங்களைப் பெயர்த்தெடுத்து, பெரும்பகுதியைக் கழித்துக் கட்டினார்கள். ஓபரா சிறிய அரங்குக்குப் போனது.

இதற்கான ஒப்பந்த மருந்து சின்னது. ஒவ்வொரு தொடக்க வரைபடத்தின் டைட்டில் பிளாக்கிலும் அது எந்தத் தேவைப்பட்டியலின் எந்தப் பதிப்பின்படி வரையப்பட்டது என்று எண்ணும் தேதியும் இருக்க வேண்டும். தொகுப்போடு விலகல் பட்டியலும் வர வேண்டும்: கேட்டது என்ன, படத்தில் இருப்பது என்ன, ஏன். ‘விலகல் இல்லை’ என்றாலும் அதை எழுதித்தான் தர வேண்டும். ஒன்றோடொன்று மோதும் தேவைகள் இருந்தால், எதற்கு முன்னுரிமை என்று உரிமையாளர் எழுதித் தரும்வரை ஆர்க்கிடெக்டின் கெடு ஓடக்கூடாது. இந்தக் கடைசி வரியை உரிமையாளர் தரப்பு வக்கீல்கள் அடித்துவிடுவார்கள். சேர்த்து வைப்பது உரிமையாளருக்கே நல்லது.

ஒப்புதல், முத்திரை, பணம்

ஒப்புதல் யாருடையது என்று பெயரும் பதவியும் எழுதுங்கள். கருத்து சொல்ல 10 வேலை நாள் வைத்தால் நியாயம். எல்லாத் துறையின் கருத்தும் ஒரே தொகுப்பாக வர வேண்டும். ஆளுக்கொரு மின்னஞ்சல் கூடாது. கட்டணத்துக்குள் அடங்கும் திருத்தச் சுற்று இரண்டு என்றால், எது திருத்தம், எது மாற்றம் என்றும் வரையறுக்க வேண்டும். தேவைப்பட்டியல் பதிப்புக்குப் பொருந்தாததைச் சரிசெய்வது திருத்தம், கட்டணமில்லை. பதிப்பே மாறினால் அது மாற்றம், கட்டணம் உண்டு. பதில் வராவிட்டால் ஒப்புதலாகக் கருதப்படும் என்ற வரி அடுத்த கட்ட வேலையைத் தொடங்க மட்டும் உதவட்டும். ‘உறுதி’ என்று ஒரு வரியைப் பூட்ட அது செல்லாது என்று சேர்த்துவிடுங்கள்.

எல்லாத் தாளிலும் ‘கட்டுமானத்துக்கு அல்ல’ என்ற முத்திரை. கட்டடத் தகவல் மேலாண்மைக்கான ஐ.எஸ்.ஓ. 19650 முறையைப் பிரிட்டன் வழக்கப்படி பின்பற்றும் திட்டங்களில் தொடக்கத் தாள்களின் திருத்த எண் பி01, பி02 என்று போகும். ஒப்பந்தத் தாள் சி01-ல் தொடங்கும். தளத்தில் நிற்கும் மேஸ்திரிக்குச் சட்டம் தெரிய வேண்டாம். ‘பி’ போட்ட தாளைப் பார்த்துக் கம்பி கட்டக்கூடாது என்று தெரிந்தால் போதும். அழகான காட்சிப்படம் ஒப்பந்த ஆவணம் ஆகாது என்று தனியாக ஒரு வரி. உரிமையாளர் மனதில் பதிவது அந்தப் படம்தான், தளப்படம் அல்ல.

பணம் கடைசியாக வந்தாலும் கடைசி விஷயம் அல்ல. 1965-ல் ஆட்சி மாறியது. வடிவமைப்பையும் மதிப்பீட்டையும் கால அட்டவணையையும் கேள்வி கேட்ட பொதுப்பணி அமைச்சர் டேவிஸ் ஹியூஸ், உட்சனுக்கான கட்டணத்தை நிறுத்தினார். 1966 பிப்ரவரியில் உட்சன் விலகினார். உட்பகுதிக்குப் புதிய குழு கிட்டத்தட்ட முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. ஒரு கட்டத்தின் கட்டணத்தை ‘உரிமையாளர் திருப்தி அடைந்ததும்’ என்று எழுதினால் இரு தரப்பும் மாட்டிக்கொள்ளும். தாள் பட்டியல், சுமைப் பட்டியல், முடிவுப் பதிவேடு, விலகல் பட்டியல், மதிப்பீடு ஆகியவை குறித்த வடிவில் வந்து சேர்ந்தால் பணம் விழ வேண்டும். வடிவமைப்பு பிடிக்கவில்லை என்பது வேறு ஷரத்து. நடுவில் பிரிய நேர்ந்தால், பணம் தீர்த்த கட்டம்வரைக்குமான மூலக் கோப்புகள், கணக்குகள், பதிவேட்டின் கடைசிப் பதிப்பு ஆகியவற்றை 14 நாளில் ஒப்படைப்பதும், அவற்றை இந்த ஒரு மனையில் மட்டும் பயன்படுத்தும் உரிமையும் முன்கூட்டியே எழுதியிருக்க வேண்டும்.

1999-ல் ஓபரா ஹவுஸ் நிர்வாகம் உட்சனை மறுபடி ஆலோசகராக அழைத்தது. இனி வரும் மாற்றங்களுக்கு வழிகாட்ட, தன் வடிவமைப்புக் கொள்கைகளை அவர் எழுதித் தந்தார். அது 2002-ல் வெளியானது. கட்டடத்தில் எதைத் தொடக்கூடாது, எதை மாற்றிக்கொள்ளலாம் என்பதற்கு ஆர்க்கிடெக்டின் சொல்லிலேயே ஓர் ஆவணம் அப்போதுதான் கிடைத்தது, அஸ்திவாரம் தோண்டி 43 ஆண்டு கழித்து.